கோலா தெர்லா வழியாகப் போகும் இரண்டாவது லைன்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் கிளென்மூர் தேயிலைத் தோட்டத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கென்று ஆபீசில் ஒரு கண்ணாடி அறை கட்டினார்கள். அறைக்கு ஏர்கோன் போட்டார்கள். கேமரன் மலையில் காலையில் வாயைத் திறந்தால் புகை வரும். வேலைக்குப் போகிறவர்கள் கம்பளிச் சட்டைக்கு மேல் சாக்கைக் கட்டிக்கொண்டு போகிற ஊர். ஆனாலும் கோலாலம்பூர் தலைமை ஆபீசிலிருந்து வந்த புத்தகத்தில் ஏர்கோன் என்று எழுதியிருந்தது. போட்ட பிறகு அறை அதிகமாகக் குளிர்ந்து இயந்திரம் முரண்டு பிடித்ததால், மூலையில் ஒரு மின்சாரக் கணப்பும் வைத்தார்கள். இரண்டும் இருபத்துநாலு மணி நேரமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டின. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் கரண்டு.

இயந்திரம் அச்சடித்துத் தள்ளுகிற காகிதத்தைக் கிழித்து எடுக்கிற வேலை ஆபீஸ் பியூன் ரெங்கசாமிக்குக் கிடைத்தது. நாற்பது வயதுக்காரன். இருபது வருஷமாகத் தோட்டத்துத் தபால் பையைத் தூக்கியவன், ஒரு கடிதத்தைக்கூடத் தொலைத்ததில்லை. கடிதம் சேர வேண்டியவர் வீட்டில் இல்லாவிட்டால் மலைக்கே ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வருவான். இதைப் பெரிய காரியமாக அவனும் நினைத்ததில்லை, கம்பெனியும் நினைத்ததில்லை.

திறப்பு விழாவுக்குத் தலைமை ஆபீசிலிருந்து தகவல் தொடர்பு மேலாளர் ராதாகிருஷ்ணன் வந்தார். கழுத்துப்பட்டியில் கம்பெனிச் சின்னம் குத்தியிருந்தார். தொழிலாளர்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழிலேயே பேசினார்.

"நம்முடைய ஐந்து தோட்டங்களுக்கும் இனிமேல் தினமும் காலை ஐந்து மணிக்குக் கோலாலம்பூரிலிருந்து வேலை உத்தரவு வந்து சேரும். எந்த மலையில் கொழுந்து, எந்த மலையில் களைமருந்து, எத்தனை பேர், யார் யார், எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே தீர்மானிக்கும். மழை, வெயில், கங்காணியின் அபிப்பிராயம் எதுவும் குறுக்கே வராது. உத்தரவு வருகிற லைன் அறுந்தால் என்ன செய்வீர்கள் என்று நீங்கள் கேட்கலாம்."

யாரும் கேட்கவில்லை. அவர் தொடர்ந்தார்.

"ஒரு லைன் அறுந்தால் இன்னொரு லைன் இருக்கிறது. முதல் லைன் பிரிஞ்சாங் ரோட்டு வழியாக வருகிறது. இரண்டாவது லைன் சுற்றிக்கொண்டு திரிங்காப், கோலா தெர்லா வழியாகப் போகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் அறுவதற்கு முந்நூறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் வாய்ப்பு. நானே கணக்குப் போட்டேன். அப்படியே அறுந்தாலும் பயமில்லை. கடைசியாக வந்த உத்தரவின் நகல் இயந்திரத்துக்குள் இருக்கும். அன்றைய தேதியைப் போட்டு அதையே அச்சடித்துக் கொடுக்கும். எந்தத் தொழிலாளியும் ஒரு நாள்கூட உத்தரவு இல்லாமல் நிற்கக் கூடாது என்பது நிர்வாகத்தின் கொள்கை. பழைய உத்தரவும் உத்தரவுதான்."

எல்லாரும் கைதட்டினார்கள். ஆளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொடுத்தார்கள்.

அவர் சொன்னதில் ஒரே ஒரு விஷயம் மட்டும் நடக்கவில்லை. இரண்டாவது லைனுக்குக் கம்பம் நட வந்த குத்தகைக்காரன், கோலா தெர்லாவில் மூன்று கம்பத்தை இறக்கிப்போட்டுவிட்டு, தோட்ட மேனேஜரான துரையிடம் வந்து கை கட்டி நின்றான். அந்தப் பக்கம் முழுக்கக் காய்கறித் தோட்டம், மேடு பள்ளம், சேறு என்றான். துரைக்கும் வேறொரு வருத்தம் இருந்தது. பங்களாவுக்கு வருகிற விருந்தாளிகள் பிரிஞ்சாங் ரோட்டில்தான் வருவார்கள். இரண்டு லைன் போட்டுவிட்டு, அதில் ஒன்றைக் கோலா தெர்லா முட்டைக்கோஸுக்கா காட்டுவது என்று கேட்டார். ஆகவே இரண்டு லைனையும் பிரிஞ்சாங் ரோட்டுக் கம்பங்களிலேயே கட்டினார்கள். ஒன்று சிவப்பு, இன்னொன்று நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. தலைமை ஆபீசில் வரைபடத்தை ஏற்கெனவே கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டதால் அதில் யாரும் கை வைக்கவில்லை.

அதற்கு முன்பெல்லாம் கங்காணி நல்லுசாமி சாயங்காலம் மலை மலையாக நடந்து பார்ப்பார். புல் எங்கே மண்டியிருக்கிறது, கொழுந்து எங்கே முற்றுகிறது என்று ஆபீசில் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி சின்னையாவிடம் வந்து சொல்வார். மறுநாள் விடியற்காலைப் பெரட்டில், அதாவது எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடத்தில், ஆளுக்கு வேலை பிரிப்பார்கள். இப்போது ரெங்கசாமி காகிதத்தைக் கொண்டுவந்து கொடுப்பான், நல்லுசாமி வாசிப்பார். பெரட்டில் வாசித்ததை மாற்றக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். வெள்ளைக்காரன் போய்விட்டான். சட்டம் இருக்கிறது.

நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை ஏழாம் நம்பர் மலைக்குக் களைமருந்து அடிக்க உத்தரவு வந்தது. பன்னிரண்டு பெண்கள். அதில் முதல் பேர் ரஞ்சிதம், ரெங்கசாமியின் மனைவி. உத்தரவின் கடைசி வரியில் 'கையுறை: சென்ற மாதம் வழங்கப்பட்டது' என்று இருந்தது. சென்ற மாதம் வழங்கியது சென்ற மாதமே கிழிந்துவிட்டது. பெண்கள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, முதுகில் பம்பைச் சுமந்து, ஏழாம் நம்பரை ஒரே நாளில் அடித்து முடித்தார்கள்.

அன்று மத்தியானம் கொட்டிய மழையில் பிரிஞ்சாங் ரோட்டோரம் மண் சரிந்து நான்கு கம்பங்களைச் சாய்த்துக்கொண்டு போனது. சிவப்பும் நீலமும் ஒன்றாகச் சேற்றில் கிடந்தன. ஆபீஸ் டெலிபோனும் அதே கம்பத்தில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்து மணிக்கு இயந்திரம் கடகடவென்று அச்சடித்தது. ஏழாம் நம்பர் மலை, களைமருந்து, பன்னிரண்டு பேர். தேதி மட்டும் புதிது.

"நேத்துத்தானே அடிச்சோம்," என்றார் நல்லுசாமி.

"உத்தரவுல இருக்கு," என்றார் கிராணி சின்னையா. பெண்கள் போய் அடித்தார்கள். புதன்கிழமையும் அதே காகிதம். புல் எல்லாம் கருகிவிட்டதால் கருகின புல்லுக்கு அடித்தார்கள். வியாழக்கிழமை கருகின புல்லும் மழையில் போய்விட்டது. மண்ணுக்கு அடித்தார்கள். மற்ற பதினோரு மலைகளிலும் புல் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துகொண்டிருந்தது. எட்டாம் நம்பரில் கொழுந்து முற்றி இலை தடித்துவிட்டது. துரை ஜீப்பில் போகும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரஞ்சிதம் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டாமல் இருந்தாள். ரெங்கசாமி விளக்குக்குப் பக்கத்தில் அவள் கையை இழுத்துப் பார்த்தான். நகங்கள் கறுத்துப் போயிருந்தன. வலது கட்டைவிரல் நகம் சதையை விட்டுத் தூக்கி நின்றது.

"நாளைக்குப் போகாத," என்றான்.

"போகலன்னா பேர வெட்டிருவாங்க. பேர வெட்டுனா வீட்ட காலி பண்ணச் சொல்லுவாங்க. எங்க போறது? நீங்க ஆபீஸ்லதானே இருக்கீங்க, அந்தக் காகிதத்த நிறுத்தச் சொல்லுங்க."

அவனுக்கு அவமானமாக இருந்தது. அந்தக் காகிதத்தை நான்கு நாளாகக் கொண்டுபோய்க் கொடுத்தவனே அவன்தான். சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டிவிட்டான்.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கிராணி மேசைக்குப் போனான்.

"ஐயா, ஏழாம் நம்பர்ல புல்லே இல்ல. மண்ணுக்கு மருந்து அடிக்கிறாங்க."

"தெரியும்பா. நானும் பாத்தேன்."

"அப்ப நிறுத்தச் சொல்லலாமே ஐயா."

"யாரு சொல்றது? நான் உத்தரவ வாங்கி வைக்கிறவன். துரைகிட்ட கேட்டேன். அவரும் இப்ப வாங்கி வைக்கிறவருதானாம். கே.எல். தலைமை ஆபீஸ்லதான் மாத்தணும்."

"கே.எல்.லுக்கு யாரு சொல்றது?"

"மெஷின்லதான் சொல்லணும். கோளாறு அறிக்கை மெஷின் வழியாத்தான் போகணும்னு புக்குல போட்டிருக்கு. செவ்வாய்க்கிழமையே அடிச்சு விட்டுட்டேன்." சின்னையா ஒரு காகிதத்தைத் தள்ளிவிட்டார். 'லைன் அறுந்துவிட்டது என்ற உங்கள் அறிக்கை பத்திரமாக உள்ளது. லைன் சரியானதும் அனுப்பப்படும்' என்று அதில் இருந்தது. அவர் அதைக் கோப்பில் வைத்து, கோப்புக்கு நம்பரும் போட்டிருந்தார்.

ரெங்கசாமி அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, சேற்றில் இறங்கி, விழுந்த கம்பங்களைத் தாண்டி பிரிஞ்சாங் டவுனுக்கு நடந்தான். அங்கே காய்கறி வாங்கி விற்கிற சீன முதலாளியான தவுக்கேயின் கடையில் டெலிபோன் நன்றாக வேலை செய்தது. தவுக்கே திரிங்காப் தக்காளிக்கு விலை பேசி முடிக்கும்வரை காத்திருந்து, தலைமை ஆபீசைக் கூப்பிட்டான். ராதாகிருஷ்ணனே எடுத்தார்.

"சார், கிளென்மூர்லேர்ந்து பியூன் ரெங்கசாமி. லைன் அறுந்து நாலு நாளாச்சு சார்."

"இல்லையே. என் பலகையில் கிளென்மூர் பச்சை விளக்கு எரிகிறது."

"எப்படி சார்?"

"கோளாறு அறிக்கை வந்தால்தான் சிவப்பு எரியும். உங்கள் தோட்டத்திலிருந்து ஒரு அறிக்கையும் வரவில்லை. மற்ற தோட்டங்கள் வாரத்துக்கு இரண்டு அனுப்புகின்றன. உங்களுடையதுதான் எனக்கு மிகவும் திருப்தியான லைன்."

"அதான் சார் நான் போன்ல சொல்றேன்."

"நீங்கள் எந்த லைனில் பேசுகிறீர்கள்?"

"பிரிஞ்சாங் கடை போன்ல சார்."

"அது நம்முடைய அமைப்பில் இல்லாத லைன். அதில் வருவதை நான் பதிவு செய்ய முடியாது. சரி, ஒரு பேச்சுக்கு முதல் லைன் அறுந்தது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவது லைன் கோலா தெர்லா வழியாகப் போகிறதே."

"ரெண்டும் ஒரே கம்பத்துல இருந்துச்சு சார். ரெண்டும் சேத்துல கிடக்கு. பொம்பளைங்க தினம் தினம் ஒரே மலைக்கு மருந்து அடிக்கிறாங்க. என் சம்சாரத்துக்கு நகம் கழண்டு வருது சார்."

"வரைபடம் என் எதிரில் இருக்கிறது, ரெங்கசாமி. கோலா தெர்லாவில் அறுபத்தோராம் நம்பர் கம்பம். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள். பார்க்காமல் பேசுவதுதான் நம் ஆட்களிடம் உள்ள குறை."

இல்லாததைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே என்று ரெங்கசாமி நினைக்கவில்லை. ஒரு பெரிய மனிதர் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே, ஒருவேளை இருக்குமோ என்றுதான் நினைத்தான். சனிக்கிழமையும் லீவு எழுதிக் கொடுத்து, காய்கறி லோரியில் தொற்றிக்கொண்டு கோலா தெர்லாவுக்குப் போனான். அங்கே முட்டைக்கோஸ் போட்டிருந்த வேலப்பன் என்பவரிடம் கம்பெனிக் கம்பம் எங்கே என்று விசாரித்தான்.

"கம்பமா? வாங்க தம்பி, காட்டுறேன்," என்றார் வேலப்பன். வாய்க்காலுக்குக் குறுக்கே மூன்று கம்பங்களைச் சேர்த்துப் போட்டிருந்தார். அதன்மேல் தள்ளுவண்டி போய்க்கொண்டிருந்தது. ஒன்றில் வெள்ளைப் பெயின்டில் 61 என்று எழுதியிருந்தது. "ஒருத்தன் இறக்கிப் போட்டுட்டுப் போனான். ரெண்டு மாசம் பாத்தேன், வரல. உங்க கம்பெனிக்கு வேணுமா லா? வேணும்னா எனக்கு வேற பலகை பாத்துட்டுச் சொல்லுங்க."

ரெங்கசாமி திரும்பும் வழியில் பிரிஞ்சாங்கில் இறங்கி, மறுபடி போன் செய்தான். அறுபத்தோராம் நம்பர் கம்பம் வாய்க்காலில் கிடக்கிறது என்றான்.

"ஆக, கம்பம் இருக்கிறது," என்றார் ராதாகிருஷ்ணன். அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. "வரைபடம் சரிதான் என்று குறித்துக்கொள்கிறேன். நன்றி."

ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் யாரும் வேலைக்குப் போவதில்லை. அது இயந்திரத்துக்குத் தெரியாது. ஐந்து மணிக்கு அச்சடித்தது. உத்தரவு வந்த பிறகு ஞாயிறு என்ன திங்கள் என்ன என்று துரை சொல்லியனுப்பினார். தூறலில் பன்னிரண்டு பேரும் மலை ஏறினார்கள். பத்து மணிக்கு ரஞ்சிதத்துக்கு மூக்கில் ரத்தம் வந்தது. துடைத்துக்கொண்டு இரண்டு வரிசை அடித்தாள். பிறகு பம்போடு பின்பக்கமாகச் சாய்ந்தாள். பம்பின் மூடி திறந்து மருந்து அவள் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

கூட்டத்தில் மூத்தவளான மணியம்மா தன் பம்பைக் கழற்றி நல்லுசாமி காலடியில் வைத்தாள். ஒவ்வொருத்தியாக வைத்தார்கள். ரஞ்சிதத்தை ஒரு சாக்கில் படுக்க வைத்துப் பெரட்டுக்குத் தூக்கி வந்தார்கள். துரை காகிதத்தோடு வந்து நின்றார்.

"நிறுத்து என்று இதில் எங்கே இருக்கிறது?" என்றார்.

"மயங்கி விழுன்னும் அதுல இல்லையே துரை," என்றாள் மணியம்மா. "விழுந்துட்டாளே. அத மொத என்னன்னு பாருங்க."

துரை காகிதத்தை இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். உண்மையிலேயே தேடினார் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, லோரி எடுக்கவும் உத்தரவில் இல்லை என்று சொல்லிவிட்டுப் பங்களாவுக்குப் போய்விட்டார். லோரி டிரைவர் கந்தன் யாரையும் கேட்காமல் வண்டியை எடுத்தான். ரோட்டில் மண் சரிந்த இடம்வரை லோரி, பிறகு ரெங்கசாமியும் சாக்கைப் பிடித்துக்கொள்ள நடை, பிறகு ஒரு முட்டைக்கோஸ் லோரி. மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் கையும் நுரையீரலும் பழையபடி ஆகுமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். எத்தனை தடவை அடித்தீர்கள் என்று கேட்டார். ரெங்கசாமி ஏழு நாள் என்றான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை கம்பங்களை நட்டார்கள், அதே இடத்தில். லைன் உயிர் பெற்றதும் ஒரு வாரமாக உள்ளே கிடந்ததெல்லாம், ரஞ்சிதம் பாதியில் நின்ற ஞாயிற்றுக்கிழமை வேலைக் கணக்கு உட்பட, இயந்திரத்திலிருந்து கிளம்பிக் கோலாலம்பூருக்குப் போயின. மறுநாளே பதில்கள் வந்தன. கோளாறு அறிக்கைக்கு வந்த பதிலில், 'லைன் அறுந்துவிட்டதாகத் தாங்கள் அனுப்பிய அறிக்கை, அதே லைன் வழியாக நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. எனவே அறிக்கை பொய்யானது. கிராணி சின்னையா விளக்கம் தரவும்' என்று இருந்தது. சின்னையா அதையும் கோப்பில் வைத்தார். இன்னொரு காகிதம் துரைக்கு. ஐந்து தோட்டங்களில் அந்த மாதம் உண்மையான கோளாறு ஒன்றுகூடப் பதிவாகாத ஒரே தோட்டம் கிளென்மூர் என்றும், கேடயம் தபாலில் வருகிறது என்றும் இருந்தது.

மூன்றாவது காகிதம் ரஞ்சிதத்துக்கு. உத்தரவு நடைமுறையில் இருக்கும்போதே ஏழாம் நம்பர் மலையில் வேலையைப் பாதியில் விட்டதற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். பெற்றுக்கொண்டவர் கையெழுத்து அவசியம், கையெழுத்து வராத எதையும் வந்து சேர்ந்ததாகக் கொள்ள முடியாது என்று அடியில் இருந்தது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் பியூன்.

ரெங்கசாமி அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ரஞ்சிதத்தின் இரண்டு கையிலும் விரல் நுனிவரை கட்டுப் போட்டிருந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அவன் சட்டைப்பையில் காகிதம் தெரிந்தது.

"எனக்கா?" என்றாள்.

"உனக்குத்தான்."

"என்ன போட்டிருக்கு?"

வாசித்துக் காட்டினான். இருபது வருஷத்தில் எத்தனையோ சாவுச் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். இவ்வளவு அசிங்கமான ஒரு காகிதத்தை இதுவரை கையில் தொட்டதில்லை.

"கையெழுத்துப் போடணுமா?" ரஞ்சிதம் கட்டுப் போட்ட கைகளைப் போர்வைக்கு மேல் எடுத்து வைத்தாள். "எந்தக் கையால போடச் சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க." பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கண்ணாடி அறையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இயந்திரம் அச்சடித்தது. ரெங்கசாமி கிழித்தெடுத்து விளக்கில் பார்த்தான். ஏழாம் நம்பர் மலை, மீதிப் பாதி, களைமருந்து, பன்னிரண்டு பேர். முதல் பேர் ரஞ்சிதம். கையுறை: சென்ற மாதம் வழங்கப்பட்டது.

பெரட்டில் எல்லாரும் நின்றிருந்தார்கள். அவன் காகிதத்தை நல்லுசாமியிடம் கொடுக்கவில்லை. தானே வாசித்தான். பேர்களையும் ஒன்றுவிடாமல் வாசித்தான். வாசித்து முடித்த பிறகும் யாரும் அசையவில்லை.

"லைன் மறுபடி அறுந்துருச்சா?" என்று கேட்டாள் மணியம்மா. "இது பழைய காகிதந்தானே, ரெங்கசாமி?"

"இல்லக்கா," என்றான். "லைன் நல்லா இருக்கு. இது இன்னைக்குத்தான் போட்டு அனுப்பியிருக்காங்க."

பம்புகள் வரிசையாகக் கிடந்தன. ஒருத்தியும் குனிந்து எடுக்கவில்லை. நல்லுசாமி கையை நீட்டிக்கொண்டே நின்றார். ரெங்கசாமி காகிதத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, வரிசையில் ரஞ்சிதம் நிற்கிற இடத்தில் போய் நின்றுகொண்டான்.